ஐந்திலும் ஏழிலும் ஜாஸ் பியானோ: 'ஒன்று' தொலைந்துபோவது ஏன்?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கிறார். ட்ரினிட்டி இசைப் பரீட்சையில் ஆறாம் கிரேட் வரை முடித்திருக்கிறார். நாலு பீட்டில், அதாவது நாலு தட்டுத் தாளத்தில், கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்துக்கொண்டு வலது கையில் சொந்தமாக ஏதாவது வாசிக்க வருகிறதாம். ஐந்து பீட், ஏழு பீட் என்று வெளிக்கிட்டால் நாலைந்து பார் (தாளத்தின் ஒரு சுற்று) போவதற்குள் 'ஒன்று', அதாவது சுற்றின் முதல் பீட், எங்கே என்று தெரியாமல் போய்விடுகிறதாம். "மனதுக்குள் எண்ணினால் விரல் நிற்கிறது, விரலை விட்டால் எண்ணிக்கை போகிறது. திருகோணமலையில் ஜாஸ் சொல்லித்தர ஆளில்லை, கூட வாசிக்க ட்ரம்ஸ்காரரும் இல்லை. முதலில் மிருதங்கம் பழகிவிட்டு வரவேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, மிருதங்கம் பழகினால் நல்லதுதான், ஆனால் உங்களுடைய சிக்கலுக்கு அது மருந்து இல்லை. உங்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. இடது கை ஐந்தை இன்னும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் எண்ணுகிற வேலை தலைக்கு வந்துவிடுகிறது. எண்ணுகிற தலையால் மனோதர்மம், அதாவது அந்த நேரத்துச் சொந்தக் கற்பனை, வாசிக்க ஏலாது. நாலு பீட்டில் நீங்கள் எண்ணுவதே இல்லை, கவனித்தீர்களா? ஐந்திலும் அந்த நிலை வரவேண்டும். அதற்கான பாதை பெரும்பாலும் இடது கை வழியாகத்தான் போகிறது.

ஐந்து பீட் ஜாஸ் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது அமெரிக்கப் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் குவார்ட்டெட் வாசித்த 'டேக் ஃபைவ்'. 1959இல் வந்த 'டைம் அவுட்' என்ற இசைத்தட்டில் உள்ளது. எழுதியவர் புரூபெக் அல்ல, அவருடைய சாக்ஸஃபோன்காரர் பால் டெஸ்மண்ட். அந்தப் பதிவைத் திரும்பப் போட்டுப் பியானோவை மட்டும் கேளுங்கள். மெட்டின் நடுப்பகுதியில் கோர்ட் மாறுவதைத் தவிர, தொடக்கத்திலிருந்து முடிவு வரை பியானோ ஒரே இரண்டு கோர்டைத்தான் திருப்பித் திருப்பி வாசிக்கிறது: ஈ ஃப்ளாட் மைனர் மூன்று பீட், பி ஃப்ளாட் மைனர் இரண்டு பீட். சாக்ஸஃபோனுக்குத் தனி (ஒருவர் முன்னால் நின்று சொந்தமாக வாசிக்கும் இடம்) இருக்கிறது, ஜோ மொரெல்லோவின் ட்ரம்ஸுக்குத் தனி இருக்கிறது. பியானோவுக்குத் தனியே இல்லை. உலகத்திலேயே பேர்போன ஐந்து பீட் ஜாஸ் பதிவில் பியானோக்காரர் செய்தது நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும்தான்.

அதே தட்டில் 'ப்ளூ ரொண்டோ அ லா டர்க்' இருக்கிறது. புரூபெக் 1958இல் அமெரிக்க அரசு ஒழுங்கு செய்த பயணத்தில் துருக்கிக்குப் போனபோது இஸ்தான்புல் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்ட ஒன்பது பீட், 2+2+2+3. அதில் என்ன செய்திருக்கிறார்கள்? முகப்பு ஒன்பதில் ஓடும். தனி ஆவர்த்தன இடம் வந்ததும் சாதாரண நாலு பீட் ப்ளூஸுக்கு இறங்கிவிடுவார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கும் இது இலேசாக இருக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதே பயணத்தில் புரூபெக் குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து போனது என்பது பலருக்குத் தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். ஈ ஃப்ளாட் மைனரை இப்போதைக்கு விடுங்கள், கறுப்புக் கட்டை நிறைய. டி மைனரில் தொடங்குங்கள். ஐந்து பீட்டை அரை பீட்டாக உடைத்தால் பத்து. அந்தப் பத்தை மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரியுங்கள்: தகிட தகிட தக தக. வாயால் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு தகிடவும் சேர்ந்து ஆறு அரை பீட், அதாவது மூன்று பீட். அடுத்த இரண்டு தகவும் சேர்ந்து நாலு அரை பீட், அதாவது இரண்டு பீட். 'டேக் ஃபைவ்' பிரிகிற அதே மூன்று, இரண்டு. 'மிஷன் இம்பாசிபிள்' முகப்பிசை நினைவிருக்கிறதா? லாலோ ஷிஃப்ரின் போட்டது. நீளம், நீளம், குட்டை, குட்டை என்று போகுமே, அதுவும் இதே 3+3+2+2தான்.

ஒவ்வொரு பிரிவின் முதல் எழுத்திலும் இடது கை ஒருமுறை அழுத்தவேண்டும். முதல் தகிடவில் நடு சி-க்குக் கீழே உள்ள டி, தனியாக. இரண்டாவது தகிடவில் அதற்கு மேலுள்ள எஃப்பும் நடு சி-யும் சேர்த்து. முதல் தகவில் கீழே இறங்கி ஏ, தனியாக. இரண்டாவது தகவில் ஜி-யும் நடு சி-யும் சேர்த்து. டி மைனர் ஏழாம் கோர்டின் மூன்றாம், ஏழாம் சுரங்கள் எஃப்பும் சி-யும். ஏ மைனர் ஏழாம் கோர்டின் மூன்றாம், ஏழாம் சுரங்கள் சி-யும் ஜி-யும். ஆகவே மேலே கட்டைவிரல் நடு சி-யை விட்டு அசையவே தேவையில்லை, கீழே எஃப் ஒன்று மட்டும் ஜி ஆகிறது. அறுபத்தொரு கட்டை கீபோர்டிலும் தாராளமாக இடம் போதும். கடலோர ஊரில் பழைய பியானோக்களின் கம்பி துருப்பிடித்துக் கட்டை உப்பிக் கிடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கீபோர்ட் இருப்பதைக் குறையாக நினைக்கவேண்டாம்.

இந்த இடது கையை மட்டும் வாசியுங்கள். வலது கை மடியில் இருக்கட்டும். எவ்வளவு காலம்? நாள் கணக்குச் சொல்ல மாட்டேன், ஒரு சோதனை சொல்கிறேன். வாசித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது வந்து "சாப்பிட்டியா, என்ன கறி வேணும்" என்று கேட்டால், கை தடுமாறாமல் முழு வசனமாகப் பதில் சொல்ல வரவேண்டும். "ம்" என்று முனகுவது கணக்கில் இல்லை. வாயால் கதைக்க முடிந்தால் வலது கையாலும் கதைக்கலாம். அந்த நிலை வருவதற்கு முன்னால் வலது கையைச் சேர்ப்பவர்கள்தான் 'ஒன்று' தொலைந்துபோச்சு என்று நிற்பவர்கள்.

இந்தப் பத்தில் முதல் ஆறை நீங்கள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தகிட தகிட என்பது பைலாவின் அடி. பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் கல்யாண வீட்டில் கப்ரிஞ்ஞா ஆட்ட இசை வாசிக்கும்போது கால் தானாக ஆடுமே, அந்த ஆறு. பைலா ஒரு பார் வாசித்து, அதன் வாலில் தக தக ஒட்டினால் ஐந்து பீட் ஒரு பார். முதலில் பைலாவை மட்டும் இடது கையில் ஓடவிட்டு, கை சூடானதும் வாலை ஒட்டிப் பாருங்கள். ஐந்து என்பது புதுச் சாமான் இல்லை என்பது அப்போது கைக்கே விளங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: அரை பீட்டின் வேகம் மாறக்கூடாது. தக தக வரும்போது அவசரப்பட்டு ஓடுவதுதான் பொதுவான கோளாறு.

இப்போது வலது கை. கீழே டி-யை ஆதாரமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் ஜாஸ்காரர்கள் டோரியன் என்பது கிடைக்கும். நம் ஊர்க் கணக்கில் கரகரப்பிரியா. சுரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த வெள்ளைக் கட்டையும் பெரிதாகப் பிழைக்காது. முழுக் கவனமும் ஒரே விடயத்தில் இருக்கட்டும்: வாசிக்கும் வரி எங்கே முடியப்போகிறது?

பெரும்பாலானவர்கள் எங்கே தொடங்குவது என்றுதான் யோசிக்கிறார்கள். தொடக்கம் எங்கேயும் இருக்கலாம்; முடிவு தெரியாத வரிதான் ஆளைத் தொலைக்கிறது. ஆகவே முதலில் எல்லா வரியையும் நாலாவது பீட்டில் முடியுங்கள், இடது கையில் ஏ விழுகிற இடம். அங்கே காதுக்கு ஒரு அடையாளம் இருப்பதால் தவறவிடுவது கஷ்டம். மூன்று பீட் வாசித்து நாலில் வந்து உட்கார்ந்து, ஐந்தில் சும்மா இருங்கள். நாலைந்து சுரம் போதும். பிறகு திருப்புங்கள்: முதல் மூன்று பீட் வலது கை பேசாமல் இருக்கட்டும், கடைசி இரண்டில் மட்டும் வாசித்து அடுத்த பாரின் ஒன்றில் முடியுங்கள். இது இரண்டும் வந்த பிறகுதான் உண்மையான வேலை: நாலில் எடுத்து, பார் கோட்டைத் தாண்டி, அடுத்த பாரின் மூன்றில் விடுவது. வரியின் நீளமும் ஐந்துதான், பாரின் நீளமும் ஐந்துதான், ஆனால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விலகி நிற்கும். கேட்பவருக்கு 'இவன் கட்டத்துக்குள் நிற்கவில்லை' என்று படுவது இந்த இடத்தில்தான். சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) எடுக்காமல் தள்ளி எடுக்கிற கீர்த்தனைகள் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகப் படாது. அனாகத எடுப்பு என்று நாம் சொல்வதைத்தான் இங்கே பியானோவில் செய்கிறோம்.

சொற்கட்டு (தகிட, தகதிமி போன்ற தாளச் சொற்கள்) பற்றி இனி நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிருதங்கம் பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஆட்களுக்கு இதில் முன்கூட்டியே ஒரு சொத்து இருக்கிறது. திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நாலு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும், வாயில் உருட்ட எழுத்தும் இருக்கின்றன. கண்ட சாபு, மிஸ்ர சாபு என்ற ஐந்து, ஏழு தாளங்களைத் தவிலில் கேட்காமல் திருமலையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. கோணேசர் நகர்வலம் வந்தாலும் காளி கோவில் திருவிழாவானாலும் நாகஸ்வரம் ஓய்கிற இடத்தில் தவில்காரர்கள் எதைப் பின்னுகிறார்கள் என்று நின்று கேளுங்கள். அருணகிரிநாதர் கோணமலைக்கும் ஒரு திருப்புகழ் பாடியிருக்கிறார். திருப்புகழின் சந்தங்களை வாய்விட்டுச் சொன்னாலே இரண்டும் மூன்றும் ஒன்றரையும் எப்படிப் பின்னுகின்றன என்று நாக்குக்கு விளங்கும். ஓர் ஐரோப்பியப் பிள்ளை முதலிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்று நமக்குக் கோவில் வாசலில் கிடைக்கிறது.

ஆனால் அதே சொத்துதான் ஜாஸ் வாசிக்கும்போது காலை வாருகிறது. கொஞ்சம் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் ஐந்து பீட் என்றதும் வலது கையிலும் தகிட தகிட தக தக என்றே அழுத்தி வாசிப்பார்கள். இடது கை சொல்வதையே வலது கையும் சொல்கிறது. சமத்துக்குச் சமம் வந்து குத்துகிறது. பிழை ஒன்றும் இல்லை, ஆனால் பயிற்சிக் கொப்பியை வாசித்துக் கேட்டது போல இருக்கும். தனி ஆவர்த்தனத்தில் கணக்கே நாயகன்; கேட்பவரும் கையில் தாளம் போட்டுக்கொண்டு அந்தக் கணக்கைத்தான் ரசிக்கிறார். ஜாஸில் கணக்கு அடியில் ஓடவேண்டும், மேலே வரி பாடவேண்டும். இரண்டு கையும் ஒரே பிரிவைச் சொல்லக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள், பழகி முடியும் வரைக்குமாவது.

அதற்கு ஒரு நல்ல வழி, நீங்கள் ஏற்கெனவே நாலு பீட்டில் வாசிக்கிற வரிகளை அப்படியே எடுத்து வருவது. அவற்றை ஐந்துக்கு ஏற்ப நீட்டவேண்டாம், வெட்டவும் வேண்டாம். இடது கை ஐந்தில் ஓடட்டும். வலது கையில் நாலு பீட் நீளமான ஒரு வரியை விடாமல் திருப்பி வாசியுங்கள். முதல்முறை ஒன்றில் தொடங்கும். இரண்டாம்முறை அதே பாரின் ஐந்தில் தொடங்கும். பிறகு அடுத்த பாரின் நாலில், அதற்கடுத்த பாரின் மூன்றில், அதற்கும் அடுத்த பாரின் இரண்டில். ஐந்து முறை வாசித்து முடிக்கும்போது நாலு பார் முடிந்து இரண்டு கையும் ஒன்றில் சந்திக்கும், நாலைந்தும் இருபதுதானே. முதல் நாள் தலை சுற்றும். மெதுவாக, மிக மெதுவாக. இது வந்துவிட்டால், நாலு பீட்டில் வருடக்கணக்காகச் சேர்த்த கைச்சரக்கு எல்லாம் ஐந்துக்கும் செல்லுபடியாகும்.

கோர்வை (ஒரே சொல் மூன்றுமுறை வந்து சமத்தில் முடிவது) வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஐந்து பீட்டில் இரண்டு பார் என்றால் இருபது அரை பீட். முதல் அரை பீட்டை விட்டுவிட்டு ததிங்கிணதொம் ஐந்து, இரண்டு இடைவெளி, ததிங்கிணதொம், இரண்டு இடைவெளி, ததிங்கிணதொம். ஒன்று, ஐந்து, இரண்டு, ஐந்து, இரண்டு, ஐந்து, கூட்டினால் இருபது, சமத்தில் டி. ட்ரம்ஸ்காரர் கூட இருந்தால் சிரித்துவிடுவார். ஆனால் ஒரு தனிக்கு ஒருமுறைக்கு மேல் வைத்தால் சலிப்பு. ஒவ்வொரு எட்டு பாரிலும் முத்தாய்ப்பு வைக்கிறவரை நான் இரண்டாவது பாட்டுக்கு மேல் கேட்பதில்லை.

மெட்ரோனோம் பற்றி. ட்ரம்ஸ்காரர் இல்லை என்கிறீர்கள். கைபேசியில் உள்ள மெட்ரோனோமை ஐந்துக்கு ஒரு மணி அடிக்கும்படி வைத்துப் பழகுவது எல்லோரும் செய்வது, அது உங்களைச் சோம்பேறியாக்கும். அதற்குப் பதில் இரண்டு பீட்டுக்கு ஒருமுறை தட்டும்படி வையுங்கள். நீங்கள் வாசிக்கும் வேகம் நிமிடத்துக்கு 120 பீட் என்றால் மெட்ரோனோம் 60. முதல் பாரில் தட்டு ஒன்று, மூன்று, ஐந்தில் விழும். அடுத்த பாரில் இரண்டு, நாலில் விழும். இரண்டு பாருக்கு ஒருமுறை சுற்று முடியும். மெட்ரோனோம் உங்களுக்கு 'ஒன்று' எங்கே என்று சொல்லாது, நீங்கள்தான் அதைச் சுமக்கவேண்டும். தப்பினால் உடனே தெரியும், ஆனால் கை பிடித்துக் கூட்டிப்போகாது. ட்ரம்ஸ்காரர் கிடைக்காத ஊரில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல துணை இல்லை.

ஸ்விங் வேண்டுமா, நேர் அரை பீட் வேண்டுமா? முதலில் நேராக. ஸ்விங்கில் முதல் அரை நீளமாகவும் அடுத்த அரை குறுகியும் வரும், அதனால் தகிட தகிட என்ற எழுத்துகள் ஒரே அளவில் நிற்காது. இடது கை உறுதியானதும் அந்த இரண்டாவது அழுத்தத்தை (எஃப்பும் சி-யும் வரும் இடம்) ஒரு துளி தாமதமாகப் போட்டுப் பாருங்கள், ஸ்விங் தானாக எட்டிப் பார்க்கும்.

ஏழுக்கு வருவோம். ஏழில் இரண்டு சாதி உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஒன்று ஏழு முழு பீட், 7/4. நடை நிதானமாக இருக்கும், காலால் ஒவ்வொரு பீட்டையும் தட்டலாம். மற்றது ஏழு அரை பீட், 7/8: அங்கே தட்டுவது மூன்றே தட்டு, ஆனால் சமமற்ற தட்டு. பல்கேரியாவின் ரச்செனிட்சா ஆட்டத்தில் 2+2+3, கிரேக்கர்களின் கலமத்தியானோஸில் 3+2+2. நம் மிஸ்ர சாபுவும் தகிட தகதிமி, அந்தக் கிரேக்க ஆட்டத்தின் அடிதான். வேகமாகப் போகும்போது ஏழு என்று எண்ண நேரமே இருக்காது. நீளம், குட்டை, குட்டை என்று உடம்பில்தான் வைத்திருக்கவேண்டும். இதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 7/4 முதலில்.

7/4இல் பதினாலு அரை பீட். இதையும் கையில் இருக்கும் சரக்கிலிருந்தே கட்டலாம்: தகிட தகிட தக, தகிட தகிட. முதல் பகுதி எட்டு, அதாவது நாலு பீட். 3+3+2 என்ற அந்த அடி சினிமாப் பாட்டிலும் லத்தீன் பாட்டிலும் நீங்கள் வாசித்துத் தேய்ந்தது. அடுத்த பகுதி ஆறு, நம் பைலா. நாலும் மூன்றும் ஏழு. இடது கை ஐந்து முறை அழுத்தும். மேலே சொன்ன அதே சுரங்களைப் போட்டு, முதல் மூன்று அழுத்தத்துக்கு டி மைனர், அடுத்த இரண்டுக்கு ஏ மைனர் என்று வைத்துக்கொள்ளலாம். வலது கைக்குச் சொன்ன பாடம் எல்லாம் அப்படியே. முடிக்கும் இடம் மட்டும் மாறும்: முதலில் ஐந்தாவது பீட்டில் முடிக்கப் பழகுங்கள், பைலா தொடங்குகிற இடம். இன்னொரு விளையாட்டும் ஏழில் நன்றாக வரும். பதினாலு அரை பீட்டை ஏழு ஏழாகச் சரிபாதி பிரித்தால் இரண்டாம் பாதி நாலாவது பீட்டின் நடுவில் தொடங்கும். தகிட தகதிமியை வலது கையில் அந்த இரண்டு பாதிக்கும் ஒவ்வொருமுறை வாசித்தால், கீழே நாலும் மூன்றும், மேலே மூன்றரையும் மூன்றரையும். முதல் தடவை சரியாக விழும்போது உங்களுக்கே சிரிப்பு வரும்.

இதுவரை இரண்டு கோர்டில்தான் நின்றோம். கோர்ட் மாறிக்கொண்டே போகும் பாட்டில் ஐந்தும் ஏழும் வேறொரு கேள்வியைக் கொண்டுவரும்: ஒரு பாருக்குள் இரண்டு கோர்ட் வந்தால் இரண்டாவது எங்கே விழவேண்டும்? நாலு பீட்டில் மூன்றாவது பீட் என்று யோசிக்காமல் போடுகிறோம். ஏழில் ஐந்தாவதிலும் போடலாம், நாலாவதிலும் போடலாம், பாட்டின் நிறமே மாறும். தொடக்கத்தில் இந்தத் தலையிடி வேண்டாம். ஒரு பாருக்கு ஒரு கோர்டாகப் பெரும்பாலும் போகும் பாட்டை எடுங்கள். ப்ராட் மெல்டாவ் என்ற அமெரிக்கப் பியானோக்காரர் 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' என்ற பழைய பாட்டை ஏழு பீட்டில் வாசித்த பதிவு இருக்கிறது, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் பதிவானது, 'ஆர்ட் ஆஃப் த ட்ரியோ' வரிசையின் நாலாவது தட்டு, 1999. லாரி க்ரெனடியர் பாஸ், ஹோர்கே ரொஸ்ஸி ட்ரம்ஸ். முதலில் பாஸை மட்டும் கேளுங்கள், பிறகு மெல்டாவின் இடது கையை. வலது கை எத்தனைமுறை 'ஒன்றை' வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறது என்று பாருங்கள். மூவரில் யாரும் 'ஒன்றை' உரக்கச் சொல்வதில்லை, ஆனால் மூவருக்கும் அது எங்கே என்று தெரியும்.

நம் காதுக்கு நெருக்கமான பியானோக்காரர் விஜய் ஐயர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, 1971இல் பிறந்தவர். சிறுவயதில் முறையாகப் படித்தது வயலின். பியானோ பெரும்பாலும் தானாகப் பழகியது. 2009இன் 'ஹிஸ்டாரிசிட்டி'யையும் 2012இன் 'ஆக்செலராண்டோ'வையும் கேளுங்கள். ஸ்டீஃபன் க்ரம்ப் பாஸ், மார்க்கஸ் கில்மோர் ட்ரம்ஸ். கர்நாடக கிதார் வாசிக்கும் பிரசன்னாவோடும் தப்லா வாசிக்கும் நிதின் மித்தாவோடும் சேர்ந்து 2011இல் 'தீர்த்த' என்றொரு தட்டும் கொடுத்திருக்கிறார். நம் கணக்கை எடுத்து ஒட்டவைத்தது போல் இல்லாமல், ஜாஸின் உடம்புக்குள் அது எப்படி ஓடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆர்மீனியாவின் டிக்ரான் ஹமாஸ்யனும் இருக்கிறார், 1987இல் பிறந்தவர், தன் நாட்டுப் பாட்டுகளிலிருந்து ஏழும் ஒன்பதும் அதற்கு மேலும் எடுத்து மலைக்கவைப்பார். ஆனால் அவரைத் தொடக்கத்தில் கேட்கவேண்டாம். பயந்து மூடிவைத்துவிடுவீர்கள்.

பதிவைக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கேட்டுக்கொண்டே எண்ணாதீர்கள். இடது கையால் மடியில் தகிட தகிட தக தக தட்டிக்கொண்டு, மேலே போகும் வரியை வாயால் கூடவே பாடுங்கள். பாட வராத வரி விரலில் வராது. 'டேக் ஃபைவ்'வின் சாக்ஸஃபோன் தனியை முழுதாகப் பாடக் கற்றுக்கொள்ளுங்கள், அது ஒன்றும் வேகமான சங்கதி இல்லை. டெஸ்மண்ட் எவ்வளவு இடத்தில் ஒன்றும் வாசிக்காமல் இருக்கிறார் என்பது பாடினால்தான் தெரியவரும்.

தேவாலயத்தில் வாசிக்கிறீர்கள் என்று சொன்னதால் கடைசியாக ஒரு பயிற்சி. மூன்று பீட்டில் உள்ள, உங்களுக்குத் தூக்கத்திலும் வரும் ஒரு ஞானப்பாட்டை எடுங்கள். மெட்டை மாற்றவேண்டாம். ஒவ்வொரு பாரின் முடிவிலும் இரண்டு பீட் கூட்டுங்கள், மெட்டின் கடைசிச் சுரம் அந்த இரண்டு பீட்டுக்கும் நீண்டு நிற்கட்டும். இப்போது பாட்டு ஐந்து பீட்டில் இருக்கிறது, கோர்டுகளும் உங்களுக்குத் தெரிந்தவை. அந்த நீளுகிற இரண்டு பீட்தான் உங்கள் இடம். முதலில் அதில் ஒரே ஒரு சுரம் போடுங்கள். பிறகு மூன்று. பிறகு அந்த இடத்தில் தொடங்கிய வரியை அடுத்த பாரின் மெட்டுக்குள் கொஞ்சம் நுழையவிடுங்கள், மெட்டைப் பின்தள்ளி. இப்படியே போனால் ஒரு கட்டத்தில் மெட்டு மறைந்து, கோர்டும் ஐந்தும் மட்டும் அடியில் நிற்கும், மேலே வாசிப்பது முழுக்க உங்களுடையதாக இருக்கும். வீட்டில் பழகுங்கள், ஞாயிறு ஆராதனையில் வேண்டாம். சபை மூன்றில்தான் பாடும், அவர்களை இரண்டு பீட் காக்கவைத்தால் பாதிரியார் திரும்பிப் பார்ப்பார்.

இடது கை கதைக்கிற அளவுக்கு வந்த பிறகும் 'ஒன்று' தொலைகிறது என்றால், வாசிப்பதைக் கைபேசியில் பதிந்து எனக்கு அனுப்புங்கள். எந்த பாரில் விழுகிறது என்று கேட்டால் காரணம் சொல்லிவிடலாம். அனேகமாகத் தக தகவில் அவசரமாக இருக்கும்.